காஞ்சிபுரத்துப் பொண்ணும் எங்க குழுத் தீர்மானமும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



சாதனைப் பெண் ஒருத்தரைப் பத்திப் பத்து நிமிஷம் பேசணும்னு சொன்னாங்க. எனக்கு முன்னாடி பேசினவங்க பெரிய பெரிய பேரா எடுத்துட்டாங்க. நான் எடுத்திருக்கிற பேர் உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியாது. துளசிமதி முருகேசன். 2002-இல் பிறந்த பொண்ணு. ஊர் காஞ்சிபுரம். இங்கிருந்து வந்தவாசி வழியா பஸ் ஏறினா மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள போய்ச் சேர்ந்துடலாம். காஞ்சிபுரம்னாலே நமக்குப் பட்டுப் புடவையும் காமாட்சி அம்மனும்தான் ஞாபகம். இனிமேல் இந்தப் பொண்ணையும் சேர்த்துக்கணும்.

ஆனா அந்தப் பொண்ணைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி எங்க குழுவில் நடந்த ஒண்ணைச் சொல்லியாகணும். அதைச் சொல்லாம இதைப் பேசினா நான் பொய் பேசின மாதிரி ஆகிடும்.

2024 ஜூன் மாசம், பள்ளிக்கூடம் திறந்த சமயம். குழுக் கூட்டத்தில் எங்க உறுப்பினர் ஒருத்தங்க உள்கடன் கேட்டாங்க. நாலாயிரம் ரூபாய். எதுக்குன்னு கேட்டோம். எட்டாவது படிக்கிற பொண்ணுக்கு ஷட்டில் பேட், நல்ல ஷூ, அப்புறம் டவுன்ல மாவட்ட விளையாட்டு அரங்கத்துக்குப் போய்வர பஸ் செலவுன்னு சொன்னாங்க. அந்தப் பிள்ளைக்கு ரெண்டு வயசிருக்கும்போது கொதிக்கிற கஞ்சி இடது கையில் கொட்டி விரலெல்லாம் ஒட்டிப் போச்சு. பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் அவ நல்லா ஆடுறான்னு சொல்லியிருக்காங்க.

நாங்க பதினாலு பேர். மாட்டுக்குக் கடன் கொடுத்திருக்கோம், தையல் மிஷினுக்குக் கொடுத்திருக்கோம், காதுகுத்துக்குக் கூடக் கொடுத்திருக்கோம். விளையாட்டுக்குக் கடன்னதும் எல்லாருக்கும் சிரிப்பு வந்துடுச்சு. அதில் நான்தான் வாயைத் திறந்தேன். "கையே சரியில்லாத பிள்ளைக்கு பேட் எதுக்கு?" இதுதான் நான் சொன்னது, ஒரு எழுத்து மாறாம. தீர்மானப் புத்தகத்தில் "அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டது"ன்னு எழுதினோம். அடுத்த கூட்டத்தில் அவங்களும் கேட்கல, நாங்களும் கேட்கல. அவங்க மாசச் சேமிப்பை மட்டும் வழக்கம்போல முதல் ஆளா கட்டிட்டுப் போனாங்க.

இப்போ காஞ்சிபுரத்துக்கு வர்றேன்.

2024 செப்டம்பர் 2, திங்கட்கிழமை. பாரிஸ் நகரத்தில் பாராலிம்பிக் போட்டி நடந்துட்டிருந்துச்சு. பாராலிம்பிக்னா மாற்றுத்திறனாளிகளுக்கான ஒலிம்பிக். சேலம் பக்கத்து மாரியப்பன் உயரம் தாண்டி ஜெயிச்சாரே, அந்தப் போட்டி. அன்னைக்கு டிவியில் கீழே எழுத்து ஓடுது: துளசிமதி வெள்ளி, மனிஷா வெண்கலம். ராத்திரி பார்த்தா நித்யஸ்ரீயும் வெண்கலம்னு வந்துச்சு. மூணு பேருமே ஷட்டில் ஆடுறவங்க. மூணு பேரும் தமிழ்நாட்டுப் பொண்ணுங்க. துளசிமதி காஞ்சிபுரம், மனிஷா ராமதாஸ் திருவள்ளூர், நித்யஸ்ரீ சிவன் ஓசூர். எல்லாம் நம்மைச் சுத்தி இருக்கிற ஊர்தான். அதுக்கு முன்னாடி 2021-இல் டோக்கியோவில் நடந்த பாராலிம்பிக்கில் இறகுப்பந்தில் நம்ம நாட்டுக்கு நாலு பதக்கம் வந்துச்சு, நாலும் ஆம்பளைங்க வாங்கினது. பொம்பளைப் பிள்ளைங்க வாங்கினது பாரிஸில்தான் முதல் தடவை.

என் பையன் போனை எடுத்து துளசிமதி ஆடுற வீடியோவைக் காட்டினான். "அம்மா, இந்த அக்காவுக்கு இடது கை சரியா வராது தெரியுமா?"ன்னான். எனக்கு அன்னைக்குச் சோறு இறங்கல. அவனுக்கு எதுவும் தெரியாது, சும்மாதான் சொன்னான்.

அதுக்கப்புறம் அந்தப் பொண்ணைப் பத்தி வந்ததெல்லாம் தேடித் தேடிப் படிச்சேன். துளசிமதிக்கு இடது கையில் பிறவியிலேயே குறை. அப்பா முருகேசன் தினக்கூலி வேலை செஞ்சவர். ஆனா விளையாட்டுன்னா உயிர். பெரிய கோச் வெச்சுச் சொல்லித்தர வசதி இல்லாததால, ரெண்டு பொண்ணுங்களையும் தானே காஞ்சிபுரம் மாவட்ட விளையாட்டு மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போய்ப் பழக்கினார். அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர் எதிரில் நின்னு ஆடிப் பழகினவங்க. படிப்பையும் விடல. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து படிச்சாங்க. அதாவது மாட்டு டாக்டர் படிப்பு. இதைக் கேட்டதும் எனக்கு இன்னும் நெருங்கின மாதிரி ஆயிடுச்சு. நம்ம கூட்டமைப்பில் மாட்டுக் கடன் வாங்காத வீடு எது? சினைக்கு நிக்காத பசுவைக் கட்டிக்கிட்டு டாக்டர் எப்போ வருவார்னு வாசலைப் பார்த்து நின்னவங்கதானே நாம எல்லாரும்.

ஷட்டில் ஆட வலது கை நல்லா இருந்தா போதாதா, இடது கைக்கு அங்கே என்ன வேலைன்னு நானும் நினைச்சேன். ஒருநாள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகிட்ட பேட் வாங்கி, இடது கையை முந்தானையில் சுத்திக்கிட்டு ஆடிப் பார்த்தேன். சிரிக்காதீங்க. வீட்டில் யாரும் இல்லாதப்போதான் பார்த்தேன். முதல் அடி, அதாவது சர்வீஸ் போடணும்னா இறகை இடது கை விரலால் பிடிச்சு விடணும். அதுவே முடியல. அப்புறம் மேலே வர்ற இறகை எட்டி அடிக்கும்போது இடது கை தன்னால மேலே போகும், அதுதான் உடம்பைச் சாயாம நிறுத்துது. தலையில் ரெண்டு குடம் வெச்சு நடக்கும்போது ஒரு கை சும்மா வீசிக்கிட்டு வருதே, அது சும்மா வீசலை, அந்த மாதிரி. கையைக் கட்டிக்கிட்டு மூணு அடி பின்னாடி போனேன், துளசி மாடத்து மேலேயே போய் விழுந்தேன். அந்தக் குறையோட ஒரு பொண்ணு கோர்ட் முழுக்க ஓடி, தாவி, கீழே விழாம அடிக்கறான்னா எத்தனை ஆயிரம் தடவை விழுந்து எழுந்திருக்கணும்.

இந்தப் பொண்ணு தனியாவும் ஆடும், ஜோடியாவும் ஆடும். நான் இங்கே முக்கியமா சொல்ல வந்தது அந்த ஜோடி ஆட்டத்தைப் பத்தி. அதுக்குப் பேர் கலப்பு இரட்டையர். இந்தப் பேரை எங்க குழுவில் சொன்னப்போ ஒரு அக்கா, "பால்ல கலப்படம் தெரியும், இது என்னாடி கலப்பு?"ன்னு கேட்டாங்க. இன்னொருத்தங்க கலப்புக் கல்யாணம்னு நினைச்சுக்கிட்டாங்க. அதெல்லாம் இல்லீங்க. வலைக்கு இந்தப் பக்கம் ஒரு ஆணும் ஒரு பொண்ணும், அந்தப் பக்கம் ஒரு ஆணும் ஒரு பொண்ணும். அவ்வளவுதான். 21 புள்ளி எடுத்தா ஒரு ஆட்டம், மூணுல ரெண்டு ஆட்டம் எடுத்தா ஜெயிப்பு.

மாற்றுத்திறனாளிகள் ஆட்டத்தில் ஒவ்வொருத்தருக்கும் குறையைப் பொறுத்து ஒரு பிரிவு உண்டு. காலில் அதிகக் குறை இருக்கிறவங்க எஸ்.எல்.3. காலில் கொஞ்சம் குறைவா பாதிப்பு இருக்கிறவங்க எஸ்.எல்.4. கையில் குறை இருக்கிறவங்க எஸ்.யு.5. உயரம் குறைவா இருக்கிறவங்க எஸ்.எச்.6. துளசிமதி 5-ஆம் பிரிவு. இவங்க ஆடுற ஜோடிப் பிரிவில் ரெண்டு பேரோட எண்ணையும் கூட்டினா எட்டுக்கு மேல போகக் கூடாது. அப்போ 5-ஆம் பிரிவில் இருக்கிற பொண்ணுக்கு ஜோடி யாரா இருக்கணும்? 3-ஆம் பிரிவுதான். நம்ம நோட்டில் கணக்கு நேராகிற மாதிரி இது ஒரு நேர்மையான கணக்கு. நல்லா ஆடுற ரெண்டு பேரே ஒண்ணா சேர்ந்துக்க முடியாது.

துளசிமதிக்கு ஜோடி ஹரியானாவைச் சேர்ந்த நிதேஷ் குமார். அவர் கதை வேற. 2009-இல், பதினஞ்சு வயசுப் பையனா இருக்கும்போது விசாகப்பட்டினத்தில் ரயில் விபத்தில் ஒரு கால் போயிடுச்சு. அப்புறம் மண்டி ஊரில் இருக்கிற ஐ.ஐ.டி.யில் படிச்சு இன்ஜினியர் ஆனார். அங்கேதான் ஷட்டிலும் பிடிச்சுக்கிட்டுது. தனியா ஆடும்போது அவர் பிரிவுக்கு அகலத்தில் பாதி கோர்ட்தான் கொடுப்பாங்க. ஜோடியா ஆடும்போது முழு கோர்ட். முழு கோர்ட்னா ஒரு பக்கத்துக்கு 20 அடி அகலம், 22 அடி நீளம். நம்ம ஊர்ல அரசாங்கம் கட்டிக் கொடுத்த பசுமை வீடு 300 சதுர அடி. அதை விடப் பெரிய இடம் இது. அதில் எங்கே இறகு விழுந்தாலும் ரெண்டு பேர்ல ஒருத்தர் எடுக்கணும்.

இப்போ கவனிங்க. சாதாரணமா எல்லாரும் ஆடுற கலப்பு இரட்டையரில் பொண்ணு முன்னாடி வலைகிட்ட நிக்கும், ஆண் பின்னாடி நின்னு ஓங்கி அடிப்பார். பின்னாடி ஓடுறது ஆம்பளை வேலை, முன்னாடி நின்னு தட்டிவிடறது பொம்பளை வேலைன்னு ஒரு பழக்கம். எதிராளியும் பொண்ணு பக்கமாவே பார்த்து அடிப்பாங்க, அங்கேதான் பலவீனம்னு. ஆனா நிதேஷுக்குச் செயற்கைக் கால். பின்னாடி மூலையில் உயரமா ஒண்ணு விழுந்தா அவர் திரும்பி ஓடறது கஷ்டம். அங்கே யார் ஓடணும்? அந்தப் பொண்ணுதான். அவருக்கு வலைகிட்ட கை நல்லா பேசும், அந்தப் பொண்ணுக்குக் கால் நல்லா பேசும். இடது கை வராத பொண்ணு அவர் காலுக்கும் சேர்த்து ஓடுது. ஒரு கால் இல்லாதவர் அந்தப் பொண்ணுக்கு வேணுங்கிற புள்ளியை முன்னாடி நின்னு முடிச்சுக் கொடுக்கறார். யாரும் யாரையும் "உன்னால முடியாது, ஓரமா நில்லு"ன்னு சொல்லிக்கல. சொல்லிக்கிட்டா அந்த நிமிஷமே ஆட்டம் போயிடும்.

2023 அக்டோபரில் சீனாவில் ஹாங்சோ ஊரில் ஆசிய மாற்றுத்திறனாளிகள் போட்டி நடந்துச்சு. துளசிமதி அங்கே மூணு விதமான பதக்கமும் வாங்கினார். தனியா ஆடினதில் தங்கம். மானசி ஜோஷிங்கிறவங்களோட சேர்ந்து பெண்கள் இரட்டையரில் வெள்ளி. நிதேஷோட சேர்ந்து கலப்பு இரட்டையரில் வெண்கலம். வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் போக ஆரம்பிச்சு அப்போ ரெண்டு வருஷம்கூட முழுசா ஆகல. தங்கத்துக்கான ஆட்டத்தில் அவர் தோற்கடிச்சது சீனாவோட யாங் சியூசியாவை. அவங்க டோக்கியோவில் தங்கம் வாங்கினவங்க.

அடுத்து பாரிஸ். கலப்பு இரட்டையரில் இந்த ஜோடிக்குப் பதக்கம் கிடைக்கல. தங்கம் இந்தோனேசியாவுக்குப் போச்சு. வெள்ளியும் இந்தோனேசியாவுக்கே போச்சு. நமக்குக் கபடி எப்படியோ அங்கே ஷட்டில் அப்படி, தெருவுக்குத் தெரு ஆடுவாங்க. தங்கம் வாங்கின ஜோடியில் இருக்கிற பொண்ணு பேர் லெயானி ராத்ரி ஒக்டிலா. அவங்களைப் பத்தியும் ரெண்டு வார்த்தை சொல்லணும். சின்ன வயசில் நல்ல கை கால்களோட ஷட்டில் ஆடிட்டிருந்த பொண்ணு. 2011-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் உடைஞ்சு, இடது கால் குட்டையாயிடுச்சு. அதுக்கப்புறம் மாற்றுத்திறனாளிகள் ஆட்டத்துக்கு வந்தாங்க. டோக்கியோவில் ரெண்டு தங்கம், ஒரு வெள்ளி. அதில் ஒரு தங்கம் ஹாரி சுசாந்தோவோட கலப்பு இரட்டையர். பாரிஸில் ஜோடி மாறி ஹிக்மத் ரம்தானியோட ஆடியும் தங்கம்தான். அவங்க 4-ஆம் பிரிவு, ஜோடியும் 4-ஆம் பிரிவு. கூட்டினா எட்டு. கணக்கு சரி. ஒரே இடத்தில் ஆள் மாறியும் தங்கம் வருதுன்னா அந்தப் பொண்ணோட திறமை எவ்வளவுன்னு நீங்களே பார்த்துக்குங்க.

ஜோடியா தோத்தவங்க தனியா என்ன பண்ணினாங்கன்னு பாருங்க. அந்த செப்டம்பர் 2-ஆம் தேதியே நிதேஷ் தங்கம் வாங்கினார். இங்கிலாந்துக்காரர் ஒருத்தரோட மூணு ஆட்டம் வரைக்கும் போய், கடைசி ஆட்டம் 23-21. அதே நாள் துளசிமதி வெள்ளி.

துளசிமதியோட அரையிறுதி ஆட்டம்தான் எனக்கு ரொம்ப மனசில் நின்னது. எதிரில் யார்னு நினைக்கிறீங்க? நம்ம திருவள்ளூர் மனிஷா. கடல் தாண்டி அவ்வளவு தூரம் போய், வலைக்கு ரெண்டு பக்கமும் நம்ம பொண்ணுங்களே நிக்கிறாங்க. 23-21, 21-17ன்னு துளசிமதி ஜெயிச்சார். முதல் ஆட்டத்து எண்ணைப் பாருங்க, யார் கையிலும் சிக்காம இழுத்திருக்கு. மனிஷா 2022-லேயே உலகச் சாம்பியன் ஆனவங்க. அவங்களுக்கு வலது கையில் குறை. பிரசவ நேரத்தில் குழந்தையோட தோள் சிக்கி நரம்பு பாதிக்கிறது உண்டு, அந்த மாதிரி வந்தது. இதைக் கேட்கும்போது இங்கே இருக்கிறவங்கள்ல சிலருக்கு வயிறு கலங்கும். அப்படிப் பிறந்த குழந்தை நம்ம ஊர்லயும் இருக்கு. "எந்தக் கண்ணு பட்டுச்சோ"ன்னு சொல்லி வீட்டுக்குள்ளயே வெச்சிருக்கோம். மனிஷா அரையிறுதியில் தோத்தாலும் அடுத்த ஆட்டத்தில் டென்மார்க் பொண்ணை 21-12, 21-8ன்னு நிக்கவே விடாம அடிச்சு வெண்கலத்தை எடுத்துட்டாங்க.

இறுதி ஆட்டத்தில் துளசிமதிக்கு எதிரில் அதே யாங் சியூசியா. ஹாங்சோவில் தோத்ததை மறந்திருப்பாங்களா? 21-17, 21-10. துளசிமதி தோத்தார். தோத்தாலும் வெள்ளி. அன்னைக்கு எனக்குப் பெருமையா இருந்துச்சு, கொஞ்சம் கோபமாவும் இருந்துச்சு. முதல் ஆட்டத்தில் கிட்டத்தட்ட கூடவே வந்துட்டு ரெண்டாவதில் விட்டுட்டாங்களேன்னு. சோறு பொங்கிட்டு உட்கார்ந்து டிவி பார்க்கிறவளுக்கு எல்லாம் சுலபம்தான்.

ஓசூர் நித்யஸ்ரீயை விட்டுட்டா தப்பு. உயரம் குறைவானவங்க பிரிவில் ஆடுறவங்க. சிவராஜன் சோலைமலையோட சேர்ந்து கலப்பு இரட்டையரில் வெண்கலத்துக்கு ஆடினாங்க. எதிரில் இந்தோனேசியாவோட சுபானும் ரினா மார்லினாவும். நம்ம ஜோடி தோத்துடுச்சு. பதக்கம் கை வரைக்கும் வந்து நழுவிப் போச்சு. அதே நாள் ராத்திரி நித்யஸ்ரீக்குத் தனி ஆட்டம், அதுவும் வெண்கலத்துக்கு. எதிரில் அதே ரினா மார்லினா. பகல்ல நம்மைத் தோற்கடிச்ச அதே முகம். நாமளா இருந்தா என்ன பண்ணியிருப்போம்? நித்யஸ்ரீ 21-14, 21-6ன்னு முடிச்சாங்க. ரெண்டாவது ஆட்டத்தில் ஆறே புள்ளிதான் விட்டுக்கொடுத்தாங்க. எனக்கு இந்த ஆறு ரொம்பப் பிடிச்சிருக்கு.

பணம் எவ்வளவு கிடைச்சுதுன்னு கேட்பீங்க. எங்க குழுவில் முதல் கேள்வியே அதுதான். தமிழ்நாடு அரசு துளசிமதிக்கு ரெண்டு கோடி ரூபாய் கொடுத்துச்சு. மனிஷாவுக்கும் நித்யஸ்ரீக்கும் ஆளுக்கு ஒரு கோடி. 2025 ஜனவரியில் டெல்லியில் குடியரசுத் தலைவர் கையால மூணு பேருக்கும் அர்ஜுனா விருது. அந்த மேடையில் குடியரசுத் தலைவரும் ஒரு பொம்பளைதான்.

நல்லது. கொடுக்க வேண்டியதுதான். ஆனா நம்ம ஆளுங்க இந்தக் கோடியை மட்டும்தான் பார்க்கிறாங்க. இந்த ரெண்டு கோடி பதக்கம் வாங்கின பிறகு வந்தது. அதுக்கு முன்னாடி பல வருஷம் ஷூ தேஞ்சிருக்கும், பேட் நரம்பு அறுந்திருக்கும். பெரிய போட்டியில் ஆடுற இறகு இருக்கே, அதில் நிஜமான வாத்து, தாரா இறகு 16 வெச்சிருப்பாங்க. நாலு அடி பலமா விழுந்தா பிய்ஞ்சுடும். ஒரு ஆட்டத்துக்குள்ளயே பல இறகு மாத்துவாங்க. கூலி வேலைக்குப் போற வீட்டில் ரெண்டு பொண்ணுங்க ஆடினா அதுக்கு எங்கே போறது? பதக்கம் வாங்காத வருஷங்கள்ல, இந்தப் பொண்ணு யார்னு காஞ்சிபுரத்துக்கே தெரியாத வருஷங்கள்ல, கூலிக்காசில் மிச்சம் பிடிச்சு அந்த அப்பா செலவு பண்ணியிருக்கார். விடிகாலையில் மைதானத்துக்குக் கிளம்புற ரெண்டு பிள்ளைங்களுக்கு அடுப்பு பத்த வெச்சது யார்னு நமக்குச் சொல்லவே வேணாம். அப்பாவோட பேர் பேப்பர்ல வருது. அந்த அடுப்பைப் பத்தி எந்தப் பேப்பரும் எழுதறதில்ல, அது எல்லா வீட்டுக் கதையும்தான்.

நான் ராத்திரி யோசிச்சுப் பார்த்தேன். காஞ்சிபுரத்தில் அந்தப் பொண்ணு ஏழு எட்டு வயசில் பேட் தூக்கினப்போ, பக்கத்தில் என்னை மாதிரி ஒருத்தி இருந்திருப்பா. "கையே சரியில்லாத பிள்ளைக்கு"ன்னு ஆரம்பிச்சிருப்பா. அந்த வீட்டில் அது காதில் ஏறல, அவ்வளவுதான். எங்க ஊர்ல ஏறிடுச்சு.

அதுக்கடுத்த வாரம் அந்த உறுப்பினர் வீட்டுக்குப் போனேன். நெல் புடைச்சிட்டிருந்தாங்க. நான் என்ன சொல்லி ஆரம்பிக்கறதுன்னு தெரியாம வெயில், மழைன்னு பேசிட்டிருந்தேன். அப்புறம், "அக்கா, ஜூன் மாசம் கூட்டத்தில் நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது"ன்னேன். அவங்க முறத்தைக் கீழே வைக்கல. "எனக்குப் பரவால்லம்மா. அன்னைக்குப் பொண்ணு வாசல்லதான் நின்னுட்டிருந்தா. என்னைக் கூட்டிட்டுப் போக வந்தா"ன்னாங்க.

அந்தப் பிள்ளை ஜூனிலிருந்து பள்ளிக்கூடத்தில் பேட் தொடல. இடது கையை தாவணிக்குள்ள வெச்சுக்கிட்டுப் போறா. அதை நான் தெருவில் எத்தனையோ நாள் பார்த்திருக்கேன், என்னாலதான்னு தெரியாமலே பார்த்திருக்கேன்.

அக்டோபர் கூட்டத்தில் நானே அந்தக் கடனை எடுத்து வெச்சேன். நிதேஷ், துளசிமதி கதையைச் சொன்னேன். போனில் வீடியோ காட்டினேன், பதினாலு பேரும் ஒரு சின்னப் போனைச் சுத்தி நின்னோம். நாலாயிரம் ரூபாய், நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டி, பத்துத் தவணைன்னு தீர்மானம் போட்டோம். எங்க பொருளாளர், "வட்டியும் வாங்கணுமா?"ன்னு கேட்டாங்க. அந்த அம்மாதான், "வாங்குங்க, எல்லாருக்கும் உள்ளதுதானே எனக்கும்"னு சொல்லிட்டாங்க. இதுவரைக்கும் ஒரு தவணை தப்பல.

பிள்ளையைத் திரும்ப பேட் பிடிக்க வைக்கிறது கடன் கொடுக்கிற மாதிரி சுலபமா இல்ல. ரெண்டு வாரம் வீட்டை விட்டே வரலை. துளசிமதி படம் போட்ட பேப்பரைக் கொண்டு போய்க் கொடுத்தேன். வாங்கி மடிச்சு வெச்சுக்கிட்டா, என் முகத்தைப் பார்க்கல. கார்த்திகை தீபத்துக்கு அப்புறம் ஒருநாள் அவளே அம்மாகிட்ட ஷூ வாங்கலாமான்னு கேட்டிருக்கா. இப்போ சனி, ஞாயிறு காலையில் டவுன் பஸ்ல மாவட்ட விளையாட்டு அரங்கத்துக்குப் போறா. பௌர்ணமி அன்னைக்கு மட்டும் கிரிவலக் கூட்டத்தில் பஸ் நகராது, அன்னைக்கு லீவு. இன்னும் எந்தப் போட்டியிலும் ஜெயிக்கல. போன மாசம் பள்ளிகள் போட்டியில் முதல் சுத்திலேயே தோத்துட்டு வந்தா. அழுதா, ஆனா மறுவாரம் போனா.

ரெண்டு விஷயம் உங்க எல்லாருக்கும் சொல்லணும், எனக்கே இப்போதான் தெரிஞ்சது. ஊனம் இருக்கிற பிள்ளைங்களுக்கு தேசிய அடையாள அட்டை எடுத்து வெச்சுக்கணும். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ்ல மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கு, அங்கே கேட்டா சொல்வாங்க. அந்த அட்டை பென்ஷனுக்கு மட்டும்னு நாம நினைச்சிட்டிருக்கோம். படிப்பு, பஸ் எல்லாத்துக்கும் அதுதான் முதல் காகிதம். இன்னொண்ணு, விளையாட்டில் எந்தப் பிரிவுன்னு நாமளே முடிவு பண்ண முடியாது, அதுக்குன்னு பரிசோதிக்கிறவங்க பார்த்துத்தான் சொல்வாங்க. எங்க ஊர்ப் பிள்ளைக்கு இன்னும் அந்த இடம் வரலை. வரும்போது பார்த்துக்கலாம்.

இதையெல்லாம் எதுக்கு இங்கே சொன்னேன்னா, நம்ம கூட்டமைப்பு அச்சடிச்ச கடன் விண்ணப்பத்தில் கடன் வாங்கும் காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. கறவை மாடு, ஆடு, தையல், பெட்டிக்கடை, விவசாயம், படிப்பு, மருத்துவம், வீடு பழுதுபார்த்தல், இதர. எங்க குழு அந்தக் கடனை "இதர"ல தான் எழுதினோம். அந்தக் கட்டத்தில் "பிள்ளைகள் விளையாட்டு"ன்னு ஒரு வார்த்தை சேர்க்கணும்னு எங்க குழுவிலிருந்து தீர்மானம் கொடுத்திருக்கோம். அச்சு ஆறு மாசத்துக்கு ஒருதரம்தான் அடிப்பாங்களாம், இப்போ விட்டா அடுத்த தடவைதான். சாப்பாட்டுக்கு முன்னாடி அது பொதுக்குழுவில் வருது. எங்க ஊர் உறுப்பினரும் பொண்ணும் பின் வரிசையில் உட்கார்ந்திருக்காங்க, திரும்பிப் பார்க்காதீங்க, கூச்சப்படுவா. கை தூக்கும்போது மட்டும் நல்லா உயரமா தூக்குங்க.